ஆட்டோமேட்டிக் கேட்டில் சேப்டி சென்சார் பொருத்துவது எப்படி?

"எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது" என்று சொல்பவர்கள் வீட்டில் உண்மையில் ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் இருக்கும். வாஷிங் மெஷினில் ஒன்று, டிவியில் ஒன்று, மைக்ரோவேவ் அவனில் ஒன்று. வாசலில் ரிமோட்டில் திறக்கும் கேட் இருந்தால் அதன் மோட்டார் பெட்டிக்குள் இன்னொன்று. இதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆனால் இன்புட், பிராசஸிங், அவுட்புட் என்று நாம் முதல் பாடத்தில் படிக்கிற மூன்றும் உண்டு. மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் தவறு செய்தால் ஒரு பைல் போகும். கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் தவறு செய்தால்? அது நகர்த்துவது 400, 500 கிலோ இரும்பை.

கோவையில் வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் புதிய வீடுகளுக்கு மத்தியில் ஒரு நடை போய் வாருங்கள். பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கேட்டுகளும், அவற்றின் ஓரத்தில் தூணை ஒட்டி ஒரு மோட்டார் பெட்டியும் கண்ணில் படும். மோட்டார் நம் ஊருக்குப் புதிதல்ல என்பதால் யாரும் அதை ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. அந்த மோட்டாருக்குக் கண் இருக்கிறதா என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் கியர், ஒரு கண்ட்ரோல் போர்டு. இவ்வளவுதான். கண்ட்ரோல் போர்டு என்பது மதர்போர்டின் தம்பி. அதில் ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் சிப் இருக்கும். ரிமோட் அனுப்பும் ரேடியோ சிக்னல் (பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்) ஒரு இன்புட். கேட் முழுதாகத் திறந்துவிட்டது, முழுதாக மூடிவிட்டது என்று சொல்லும் லிமிட் சுவிட்ச்கள் இரண்டு இன்புட். சென்சார் இன்னொரு இன்புட். முக்கியமான அவுட்புட் ஒன்று: மோட்டார் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நிற்பதா.

சென்சார் இல்லாவிட்டாலும் கேட் திறக்கும், மூடும். அதனால்தான் பலர் அதை "எக்ஸ்ட்ரா பிட்டிங்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எப்போதும் அடைத்து வைத்த கேட்டில் குழந்தைகள் ஏறித் தொங்குவதும், நகரும் கேட்டில் ரயில் வண்டிபோல் சவாரி செய்வதும் நம் எல்லோருக்கும் தெரியும். கையால் தள்ளும் கேட் என்றால், குழந்தை கத்தினால் தள்ளுகிறவர் நிறுத்திவிடுவார். மோட்டாருக்குக் காது கேட்காது.

இதை மற்ற நாடுகள் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கேரேஜ் கதவுகளுக்கு அடியில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் 1990ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் அங்கே தயாராகும் ஒவ்வொரு கேரேஜ் கதவு மோட்டாரிலும் மனிதர் சிக்குவதைத் தடுக்கும் கூடுதல் ஏற்பாடு கட்டாயம். பிரிட்டனில் 2010ம் வருடம் ஒரே வார இடைவெளிக்குள் மின்சார கேட்டுகளில் சிக்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அவர்களுக்கு வயது 5, 6. அதன் பிறகு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை கேட் பொருத்துபவர்களுக்குத் தனி எச்சரிக்கைகளை வெளியிட்டது.

மூன்று வகை சென்சார்கள்

முதல் வகை போட்டோசெல். இதைப் புரிந்துகொள்ளப் பழைய பந்து மவுஸைக் கழற்றிப் பார்த்தால் போதும். (வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள்.) பந்தை உருட்டினால் பல்பல்லாக வெட்டிய இரண்டு சின்னச் சக்கரங்கள் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பக்கம் இன்ப்ராரெட் எல்.இ.டி., மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். சக்கரத்தின் பல் ஒளியை மறைத்து மறைத்து விடுவதை எண்ணித்தான் மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. கேட்டில் வைக்கும் போட்டோசெல்லும் இதேதான். மவுஸில் அரை சென்டிமீட்டர் இருந்த இடைவெளி இங்கே நாலைந்து மீட்டர். ஒரு தூணில் ஒளி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், எதிர்த் தூணில் வாங்கும் ரிசீவர். நடுவில் ஆளோ, மாடோ, காரோ வந்தால் ஒளி தடைப்படும். ரிசீவருக்குள் இருக்கும் ரிலே "டிக்" என்று மாறும். டிவி ரிமோட்போல இதுவும் ஒளியை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புவதால் சாதாரண வெளிச்சத்தில் குழம்புவதில்லை.

இன்ப்ராரெட் நம் கண்ணுக்குத் தெரியாது. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, செல்போனின் முன்பக்க கேமராவை அதற்கு நேரே பிடியுங்கள். பல போன்களில் ஊதா நிறப் புள்ளி ஒன்று தெரியும். டிவி ரிமோட்டை வைத்து முதலில் உங்கள் போனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை சேப்டி எட்ஜ். கேட்டின் முன் விளிம்பில் ஒட்டும் ரப்பர் பட்டை. எதன் மீதாவது அழுந்தினால் உள்ளே இருக்கும் இரண்டு கடத்திகள் தொட்டுக்கொள்ளும். போட்டோசெல் ஒரே ஒரு கோட்டை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாய்க்குட்டியை அதற்குத் தெரியாது. ரப்பர் பட்டைக்குத் தெரியும். விலை கூடுதல் என்பதால் நம் ஊரில் அபூர்வம்.

மூன்றாவது வகை லூப் டிடெக்டர். தரையைக் கீறி, ஒயரை மூன்று நான்கு சுற்று புதைத்து வைப்பார்கள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோகம் அந்தச் சுருளின் மின்தூண்டலை மாற்றும். குடோன், மில், அபார்ட்மென்ட் வாசல்களுக்கு நல்லது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். லூப் காரைத்தான் பார்க்கும், குழந்தையைப் பார்க்காது. லூப் இருக்கிறது, போட்டோசெல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்து ஸ்டார்ட்டர் சொல்லித் தரும் பாடம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சென்சாரை வாங்கிவிட்டீர்கள். அதன் ரிலேயில் மூன்று முனைகள் இருக்கும்: காமன், நார்மலி ஓப்பன், நார்மலி குளோஸ்டு. கண்ட்ரோல் போர்டுக்கு இரண்டு ஒயர்தான் போகிறது. காமனோடு மற்ற இரண்டில் எதைச் சேர்ப்பது?

கொங்கு நாட்டில் இதற்கு விடை சொல்ல இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கும் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சை பட்டன் சாதாரணமாகத் திறந்திருக்கும் சுவிட்ச். அழுத்தினால் மட்டும் சேரும். சிவப்பு பட்டன் நேர் எதிர். அது எப்போதும் சேர்ந்தே இருக்கும். அதன் வழியாகத்தான் காயிலுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அழுத்தினால் பிரியும், மோட்டார் நிற்கும். ஏன் இப்படி வைத்தார்கள்? எலி சிவப்பு பட்டனின் ஒயரைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுற்று பிரிந்துவிடும், மோட்டார் தானாக நின்றுவிடும். பட்டன் பழுது என்பது அப்போதே தெரிந்துவிடும். சிவப்பு பட்டனையும் பச்சைபோலவே அமைத்திருந்தால், ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு ஒருநாள் ஓடிப்போய் அழுத்தும்போதுதான் அது செத்துப்போனது தெரியவரும்.

கேட் சென்சாருக்கும் இதேதான். காமனும் நார்மலி குளோஸ்டும் போர்டுக்குப் போக வேண்டும். வழியில் தடையில்லை, சென்சாருக்கு மின்சாரம் இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது. இந்த மூன்றும் உண்மையானால் மட்டும் சுற்று சேர்ந்திருக்கும். ஒன்று பொய்த்தாலும் பிரியும். (பல ரிசீவர்களில் மின்சாரம் வந்த நிலையைத்தான் "நார்மல்" என்று எடுத்துக்கொண்டு பெயர் அச்சிட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: ஒளி நேராக விழும்போது சேர்ந்திருக்கும் முனைதான் நமக்கு வேண்டியது.) கண்ட்ரோல் போர்டுக்குள் ஓடும் புரோகிராமை நம் மொழியில் எழுதினால் இப்படி இருக்கும்:

கேட் மூடிக்கொண்டிருக்கிறதா?
ஆம் என்றால், போட்டோ முனையில் சுற்று சேர்ந்திருக்கிறதா?
சேர்ந்திருந்தால், தொடர்ந்து மூடு.
பிரிந்திருந்தால், உடனே நில், பிறகு திற.

"ஆபத்து" என்ற செய்தி வந்தால் நில் என்று இந்தப் புரோகிராம் சொல்லவில்லை, கவனித்தீர்களா? "பத்திரம்" என்ற செய்தி வருவது நின்றாலே நில் என்கிறது. சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பதால் எனக்கு இந்த நாலு வரியின் மீது தனிப் பிரியம் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரும் ஓரிடத்தில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பிராசஸர் மேல் இருக்கும் பேனின் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால், பல மதர்போர்டுகள் பேன் எர்ரர் என்று சொல்லி மேற்கொண்டு நகராது. பேன் சுற்றுகிறது என்ற துடிப்பு வராததையே அது பழுதாக எடுத்துக்கொள்கிறது.

சேப்டி எட்ஜில் இன்னும் அழகான தந்திரம் இருக்கிறது. ரப்பர் பட்டையின் கடைசி முனையில் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருப்பார்கள். போர்டு அந்த மின்தடையை அளந்துகொண்டே இருக்கும். 8.2 கிலோ ஓம் என்றால் எல்லாம் சரி. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் யாரோ பட்டையில் சிக்கியிருக்கிறார்கள். அளவே இல்லாமல் போனால் ஒயர் அறுந்திருக்கிறது. இரண்டே ஒயரில் மூன்று செய்திகள்! ஆனால் இதைப் படிக்கத் தெரிந்த போர்டாக இருக்க வேண்டும், வாங்கும்போதே கேளுங்கள்.

இரண்டு அங்குல ஒயர்

கிணத்துக்கடவில் எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போன வருடம் கேட் மோட்டார் போட்டார்கள். மூன்று வயதுப் பேத்தி இருக்கிற வீடு. சென்சார் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பவே போட்டாச்சு கண்ணு. பாரு, லைட் எரியுது" என்றார் பெரியப்பா.

எரியத்தான் செய்தது. கேட்டை மூடச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே நீட்டினேன். சென்சாரில் லைட் மாறியது, ரிலே "டிக்" என்றது. கேட் நிற்கவில்லை. மட்டையின் நுனியைத் தூணோடு வைத்து நசுக்கிய பிறகுதான் நின்றது. மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், போர்டில் காமன் முனைக்கும் போட்டோ முனைக்கும் நடுவே இரண்டு அங்குல நீளத்தில் ஒரு ஒயர் துண்டு. சென்சாரின் ஒயர் பக்கத்தில் டேப் சுற்றிச் சும்மா கிடந்தது.

பொருத்தியவருக்குப் போன் செய்தோம். "மழையில சென்சார் டிரபிள் குடுத்துதுங்க. கேட் மூட மாட்டேங்குதுன்னு ஐயா கூப்பிட்டாருங்க. அப்போதைக்கு ஷார்ட் பண்ணி வெச்சனுங்க" என்றார். "ஆமா, மூடுனாப் போதும்னு நாந்தான் சொன்னேன்" என்று பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஒயர் துண்டு ஒரு தற்காலிக ஏற்பாடு. நம் நாட்டில் தற்காலிக ஏற்பாடுகளுக்கு ஆயுள் அதிகம்.

பல கண்ட்ரோல் போர்டுகள் கம்பெனியிலிருந்து வரும்போதே இந்த இணைப்போடுதான் வருகின்றன. சென்சார் இல்லாமலும் மோட்டாரை ஓட்டிப் பார்க்க வசதிக்காக வைப்பது அது. ஹார்டு டிஸ்க்கில் முன்பு ஜம்பர் என்று ஒன்றைச் செருகி எடுப்போமே, அதே வேலை. சென்சார் போட்டதும் அதை எடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுக் கேட்டில் இன்றே பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெரியப்பா வீட்டு ரிசீவரில் உண்மையான கோளாறு என்ன தெரியுமா? ஒயர் நுழையும் ஓட்டையை மேல்பக்கம் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் ஒயர் வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. ஓட்டையைக் கீழ்ப்பக்கம் மாற்றி, ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது.

பொருத்தும் முறை

230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும். சென்சார் பகுதி 12 அல்லது 24 வோல்ட் என்பதால் ஆர்வமுள்ளவர்கள் பக்கத்தில் நின்று சேர்ந்து செய்யலாம். மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கரண்ட் போனால் கேட் திறக்க வேண்டுமே என்று பலர் அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள். சில மோட்டார்களில் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், போர்டு உயிரோடு இருக்கும். இரண்டையும் அணையுங்கள். பிறகு மோட்டாரோடு வந்த சாவியைப் போட்டு கியரை விடுவித்து, கேட் கையால் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோசெல்லின் உயரம் தரையிலிருந்து 40 முதல் 50 சென்டிமீட்டர். பெரியவர்களின் முழங்கால் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு உயரத்தில் வைத்தால் தவழும் குழந்தை அடியில் போய்விடும். கேட்டின் பாதையிலிருந்து ஒளிக்கோடு தள்ளிப் போகவும் கூடாது. 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தள்ளி வைத்தால் கேட்டுக்கும் ஒளிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் கிடைத்துவிடும். லாரி, டெம்போ வரும் குடோன்களில் 50 சென்டிமீட்டர் ஒளி இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் அடியாகவே போய்விடலாம். வண்டி நிற்கும்போதே கேட் மூடும். அங்கே ஒரு மீட்டர் உயரத்தில் இன்னொரு ஜோடி தேவை. இரண்டு ஜோடி வைத்தால் ஒன்றின் டிரான்ஸ்மிட்டரை இடது தூணிலும் மற்றதன் டிரான்ஸ்மிட்டரை வலது தூணிலும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் ஒளியை மற்றதன் ரிசீவர் வாங்கிக்கொண்டு எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

வடக்கு, தெற்குப் பார்த்த வாசல் என்றால் தூண்கள் கிழக்கிலும் மேற்கிலும் வரும். அப்போது ரிசீவரின் முகத்தில் காலை வெயிலோ மாலை வெயிலோ நேராக விழும். சரியாக மாலை ஐந்தரைக்கு மட்டும் கேட் மூட மறுக்கிறது என்றால் பேய் பிசாசு எதுவும் இல்லை, சூரியன்தான். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இடம் மாற்றிப் பாருங்கள், அல்லது மேலே சின்னதாக ஒரு தகட்டுக் குடை போடுங்கள்.

ஒயரிங் எளிது. டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் மட்டும் போதும், இரண்டு ஒயர். ரிசீவருக்கு மின்சாரத்துக்கு இரண்டு, ரிலேக்கு இரண்டு, ஆக நான்கு. இந்த ஒயர்களை 230 வோல்ட் ஒயர் போகும் அதே பைப்பில் விடாதீர்கள், தனி பைப் போடுங்கள். வாசல் தரைக்கு டைல்ஸ் அல்லது காங்கிரீட் போடுவதற்கு முன்பே குறுக்கே ஒரு காலி பைப்பைப் புதைத்துவைக்கச் சொல்லுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வரியைக் கொத்தனாரிடம் காட்டினால் பிறகு தரையை உடைக்கும் செலவு மிச்சம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. கையையோ காலையோ நீட்டிப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம். நீளக் கழி போதும்.

முதல் சோதனை, மூடும்போது ஒளியை மறையுங்கள். கேட் நின்று, திரும்பத் திறக்க வேண்டும். இரண்டாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, போட்டோ முனையிலிருந்து சென்சார் ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து ரிமோட்டை அழுத்துங்கள். கேட் மூடவே கூடாது. மூடினால் ஒயரிங் தவறு, அல்லது அந்த இரண்டு அங்குல ஒயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. மூன்றாவது, கேட் திறக்கும்போதும் ஒளியை மறைத்துப் பாருங்கள். பல போர்டுகள் திறக்கும்போது போட்டோசெல்லைக் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் கேட்டின் பின்முனை போய் மோதும் சுவர்ப் பக்கத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நல்ல கேள்வி. சில போர்டுகளில் போட்டோ டெஸ்ட் என்ற வசதி உண்டு. ஒவ்வொரு முறையும் கேட் நகரும் முன் டிரான்ஸ்மிட்டரின் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தி, ரிசீவர் "தடை" என்று சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் நகராது. அமெரிக்காவின் யுஎல் 325 தரம் 2016 முதல் வாகன கேட்டுகளுக்கு இப்படிக் கண்காணிக்கப்படும் பாதுகாப்பைக் கேட்கிறது. சிக்கும் அபாயம் உள்ள ஒவ்வொரு திசைக்கும் இரண்டு தனித்தனி ஏற்பாடுகளையும் கேட்கிறது.

ஆடிக் காற்றும் ஒரு ஸ்க்ரூவும்

அந்த இரண்டில் ஒன்று, போர்டுக்குள்ளேயே இருக்கும் விசைக் கட்டுப்பாடு. கேட் எதிலாவது மோதினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அளவு தாண்டினால் போர்டு நிறுத்திவிடும். அந்த அளவை ஒரு சின்ன ஸ்க்ரூவிலோ செட்டிங்கிலோ கூட்டிக் குறைக்கலாம். ஐரோப்பாவின் இஎன் 12453 தரப்படி, மூடும் விளிம்புக்கும் எதிர்த் தூணுக்கும் இடையே ஒருவர் சிக்கினால் அழுத்தம் 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 40 கிலோ எடை. அதுவும் முக்கால் நொடிக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு விசேஷத் தொல்லை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அதுதான் சோறு. கேட்டுக்கு அது எதிரி. 12 அடிக்கு 6 அடி உள்ள முழுத் தகட்டுக் கேட்டின் மீது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் விழும் விசை, கணக்குப் போட்டால், அதே 400 நியூட்டன் அளவுக்கு வருகிறது! கதவுபோல் திறக்கும் ஸ்விங் கேட் என்றால் மோட்டார் அந்தக் காற்றை நேராக எதிர்த்துத் தள்ள வேண்டும். ஸ்லைடிங் கேட் என்றால் காற்று அதை ரோலரோடு அழுத்தி உராய்வைக் கூட்டும். இரண்டிலும் போர்டு "ஏதோ தடுக்கிறது" என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். வீட்டுக்காரர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருப்பி விசையைக் கூட்டிவிட்டுப் போவார். ஆடி போய்விடும். ஸ்க்ரூ அப்படியே நிற்கும், வருடம் முழுக்க.

விசையைக் கூட்டுவதற்கு முன் ரோலரில் மண் இருக்கிறதா, தண்டவாளம் நேராக இருக்கிறதா, கையால் தள்ளினால் கேட் லேசாக ஓடுகிறதா என்று பாருங்கள். புதிதாகக் கேட் செய்பவர்கள் முழுத் தகட்டுக்குப் பதிலாகக் காற்றுப் புகும் கம்பி வேலை செய்யலாம். ஆனால் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் கை நுழையும். கேட் நகரும்போது அந்தக் கையைத் தூண் வெட்டும். அதனால் கம்பியின் மீது நெருக்கமான வலை அடிப்பது அவசியம்.

சென்சார் காப்பாற்ற முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை இறுதியில் புனே அருகே பிம்ப்ரி சிஞ்ச்வாட்டில் ஒரு வீட்டின் ஸ்லைடிங் கேட் சாய்ந்து விழுந்து, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மூன்றரை வயதுக் குழந்தை இறந்தது. மோட்டாரோ ரிமோட்டோ அங்கே பிரச்சினை அல்ல. கேட் இரு முனையிலும் தாண்டிப் போகாமல் தடுக்கும் இரும்பு ஸ்டாப்பர், மேலே சாயாமல் பிடிக்கும் கைடு ரோலர், இவை உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் சென்சாருக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. லிமிட் சுவிட்சை ஸ்டாப்பராக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. லிமிட் சுவிட்ச் ஒரு செய்தி, ஸ்டாப்பர் ஒரு இரும்பு. செய்தி வராமல் போகலாம்.

செல்போனில் மூடலாமா?

வைபை ரிலே ஒன்றைப் போர்டின் பட்டன் முனையில் சேர்த்து, ஆப் மூலம் கேட்டைத் திறந்து மூடுவது இப்போது பரவியிருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வடவள்ளி வீட்டுக் கேட்டை மூடலாம். கம்ப்யூட்டர் ஆசாமி என்ற முறையில் எனக்கும் இது பிடித்த விளையாட்டுதான். ஆனால் ரிமோட்டை அழுத்துகிறவர் வாசலில் நிற்கிறார், கண்ணால் பார்க்கிறார். ஆப்பை அழுத்துகிறவர் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காமல் மூடும் கேரேஜ் கதவு, நகரும் முன் குறைந்தது 5 நொடி ஒலியும் ஒளியும் எழுப்ப வேண்டும் என்று யுஎல் 325 சொல்வது இதற்காகத்தான். நம் கேட்டுகளிலும் போர்டில் பிளாஷ் லைட்டுக்கு முனை இருக்கும். முன்கூட்டியே மின்னும் செட்டிங்கும் பலவற்றில் உண்டு. அதை ஆன் செய்து, ஒரு பஸ்ஸரும் சேருங்கள். மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் தேறாத கேட்டில் வைபை ரிலேயும் வேண்டாம், தானாக மூடும் டைமரும் வேண்டாம். டைமரும் ஒருவகையில் யாரும் பார்க்காமல் மூடுவதுதான்.

மாதம் ஒருமுறை போட்டோசெல்லின் கண்ணாடியை ஈரமில்லாத துணியால் துடையுங்கள். சிலந்திக்கு இந்தப் பெட்டி மிகவும் பிடித்த இடம், வலை பின்னிவிடும். மோட்டார் பெட்டியின் ஓட்டைகளை அடைத்து வையுங்கள். பல்லி உள்ளே போய் போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும். துடைத்த கையோடு கழியை எடுத்து முதல் சோதனையைச் செய்துவிடுங்கள், அரை நிமிடம்தான். கேட் நிற்காவிட்டால் சாவியைப் போட்டு கியரை விடுவித்து, மெக்கானிக் வரும்வரை கையால் தள்ளிக்கொள்ளுங்கள்.